ரீல்ஸ் ரீச் படுத்துவிட்டதா? மூலையில் இருக்கும் லோகோவைப் பாருங்கள்

இன்ஸ்டாகிராமில் ரீச், அதாவது ரீலைப் பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை, விழுந்தால் உடனே ஹேஷ்டேக்கை நோண்டாதீர்கள். பார்வைக் கணக்கு காட்டும் 'இன்சைட்ஸை'த் திறந்து, பார்வைகளில் ஃபாலோயர் அல்லாதவர்களின் பங்கைப் பாருங்கள். என் ரீல்களில் அது கிட்டத்தட்ட பூஜ்யம். அதாவது பழைய ஆட்களுக்குப் போகிறது, பரிந்துரையில் ஏறவில்லை.

அடுத்து, செட்டிங்ஸில் 'அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்'; கணக்கில் விதிமீறல் உண்டா என்று காட்டும் இடம். அங்கே எல்லாம் பச்சை டிக். கோளாறு கணக்கில் இல்லை, வீடியோவில்தான். வேறு செயலியில் போட்டதையே இறக்கி மறுபடி ஏற்றியிருந்தேன். அதன் லோகோ மூலைக்கு மூலை தாவிக்கொண்டிருந்தது. இப்படி வேறு செயலியின் லோகோ (வாட்டர்மார்க்) உள்ள ரீல்களைப் புதியவர்களுக்குக் குறைவாகவே காட்டுவோம் என்று இன்ஸ்டாகிராம் 2021-லேயே சொல்லிவிட்டது.

லோகோவை மங்கலாக்குவதும் ஓரத்தை வெட்டுவதும் வீண்வேலை, படம்தான் கெடும். எடிட்டிங் செயலியிலிருந்தே 1080×1920 அளவில் சுத்தமான கோப்பை எடுத்து ஏற்றுங்கள். அந்தச் செயலி கடைசியில் ஒட்டும் லோகோ துண்டையும் நீக்கிவிடுங்கள், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கூடவே தொடக்கத்தில் வரும் 'வணக்கம் நண்பர்களே'வையும் வெட்டினேன். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் பார்த்துத்தான் இன்ஸ்டாகிராம் பரிந்துரைக்கும். நாலைந்து புது ரீல்களுக்குப் பிறகு வெளியாட்கள் வரத் தொடங்கினார்கள். பழையவை அப்படியே கிடக்கின்றன.