பொல்கொட ஏரியில் கொடுவா: மழையைப் பார்த்துத் தூண்டில் போடும் முறை

பெரிய ஏரியில் பாஸ் மீன் பிடிப்பது பற்றிக் குளிர்நாட்டுக்காரர் எழுதும் குறிப்புகள் வெப்பமானியில்தான் தொடங்கும். வசந்தத்தில் நீர் சூடானால் மீன் கரைக்கு வரும், குளிர்காலத்தில் ஆழத்துக்கு இறங்கும் என்பார்கள். கொழும்பில் அந்தக் கணக்கு செல்லாது. ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் இங்கே நீரின் சூடு பெரிதாக மாறுவதில்லை, மழைதான் மாறுகிறது. மழையோடு ஏரியின் உப்பு, நிறம், ஒட்சிசன் மூன்றும் மாறும். ஹோட்டல் மெனுவில் ‘சீ பாஸ்’ என்று வருகிற நம்முடைய கொடுவா அதற்கேற்ப இடம் பெயரும். ஆகவே பொல்கொடவுக்குப் புறப்படுமுன் கடந்த பத்து நாட்களில் எவ்வளவு மழை பெய்தது, எங்கே பெய்தது என்று பாருங்கள். ரொட், ரீல் எல்லாம் அதற்குப் பிறகு.

பொல்கொட வடக்கு, தெற்கு என்று இரண்டு நீர்ப்பரப்பு. இரண்டையும் ஒடுங்கிய ஆறு இணைக்கிறது. பெல்லன்வில, பொரலஸ்கமுவ பக்கத்து நீரை வேரஸ் கங்கை வடக்கு ஏரிக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த நீர் பாணந்துறை முகத்துவாரத்தால் கடலுக்குப் போகிறது. உப்பு நீர் உள்ளே ஏறுவதும் அந்த வழியால்தான். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குக் காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸோ கரையோர ரயிலோ போதும். மொறட்டுவையில் இறங்கினால் வடக்கு ஏரி, பாணந்துறையில் இறங்கினால் பாலமும் முகத்துவாரமும். படகுக்காரரிடம் கொடுவா என்றால் விளங்காது, சிங்களத்தில் ‘மோதா’ என்று கேளுங்கள்.

நம் மேற்குக் கரையில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலுள்ள உயர வித்தியாசம் பறுவம், அமாவாசை நாட்களில்கூட ஒரு மீற்றரை எட்டாது. ஏரிக்குள் அது இன்னும் சுருங்கிவிடும். அவுஸ்திரேலியக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, வற்று நீரில் ஓடைவாயில் காத்திருந்தால் மீன் வரும் என்று நம்பி ஏரியின் மேற்பகுதியில் நாள் முழுக்க இருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். அந்த உத்தி பாணந்துறைப் பாலத்தை அண்டிய பகுதியில் பலிக்கும். மேலே போகப் போக, நீரை ஓடவைப்பது மழை வெள்ளம் மட்டுமே.

சாமான்கள்

கொடுவா துரத்திப் பிடிக்கும் மீன் அல்ல. கண்டல் வேர், பாலத்தூண், படகுத்துறைக் கால், விழுந்த மரம் இவற்றின் நிழலில் அசையாமல் நின்று, எதிரே வருவதை வாயைத் திறந்து ஒரே இழுப்பில் உறிஞ்சும். அப்போது ‘பொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இரவில் அந்தச் சத்தத்தை வைத்தே மீன் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். தூண்டிலில் பட்டதும் அது திரும்பி ஓடுவது தான் நின்ற வேர்களுக்குள்தான். முதல் மூன்று, நான்கு மீற்றருக்குள் அதை மறிக்கக்கூடிய பலம் உங்கள் சாமான்களுக்கு இருக்க வேண்டும்.

ஆறரை முதல் ஏழு அடி நீளமான, சற்று விறைப்பான ரொட், 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 20 முதல் 30 இறாத்தல் இழுவை தாங்கும் பிரெய்ட் (பல இழை பின்னிய) நூல். அதன் நுனியில் 40 முதல் 50 இறாத்தல் லீடர், அதாவது உரசலைத் தாங்கும் தடித்த ஒற்றை இழை நூல், ஒரு மீற்றர் அளவுக்கு. லீடரில் கஞ்சத்தனம் வேண்டாம். கொடுவாவுக்கு வெட்டும் பல் கிடையாது, ஆனால் அரம் போன்ற உதடு உண்டு. செவுள் மூடியின் விளிம்போ சவர அலகு. பிரெய்ட் அதில் உரசினால் அந்த நொடியே போய்விடும்.

பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சே நல்லது. மெல்லியது என்பதால் ரொட் வளையங்களில் சிக்காது. பிரெய்டை லீடரின் மேல் மாறி மாறி 20 சுற்று சுற்றி, நனைத்து, இரண்டு பக்கமும் பலமாக இழுங்கள். பிரெய்ட் லீடரைக் கவ்வும்போது அதன் நிறம் சற்றுக் கறுக்கும். நிறம் மாறாவிட்டால் முடிச்சு இன்னும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் அரை முடிச்சுகளைப் போட்டுப் பூட்டிவிட்டால், வீட்டில் பார்க்க அழகாக இருக்கும், மீன் இழுத்ததும் வழுக்கிக் கழன்றுவிடும். முடிச்சில் தோற்பவர்களில் பெரும்பாலானோர் தோற்பது இந்தப் படியில்தான்.

மீன் பலமாக இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடிதான் ட்ராக். அதன் இறுக்கத்தைக் கையால் இழுத்து மதிப்பிட வேண்டாம். நூலை ரொட் வளையங்களுக்குள்ளால் விட்டு, நுனியில் மீன் நிறுக்கும் கொளுக்கித் தராசு மாட்டி இழுத்துப் பாருங்கள். 30 இறாத்தல் நூலுக்கு 3 முதல் 3.5 கிலோவில் ட்ராக் வழுக்கத் தொடங்கினால் சரி.

செயற்கை இரையாக 9 முதல் 12 சென்ரிமீற்றர் நீளமான, நீருக்குள் அந்தரத்தில் நிற்கக்கூடிய மினோ லூர் இரண்டு. 3 அல்லது 4 அங்குல ரப்பர் மீன்கள், 7 முதல் 10 கிராம் ஜிக் ஹெட்டுடன் (பாரமான தலையுள்ள தூண்டில்). மேற்பரப்பில் சத்தமிடும் பொப்பர் ஒன்று. இவ்வளவும் போதும். மலிவு லூர்களோடு வரும் மூன்று முனைத் தூண்டில்களையும் வளையங்களையும் மட்டும் கழற்றிவிட்டுத் தடித்தவற்றை மாட்டுங்கள். ஆனால் தடித்த தூண்டிலின் பாரத்தால் லூர் மூழ்கிவிடலாம். எறியுமுன் ஒரு வாளி நீரில் விட்டுப் பாருங்கள்.

நீரின் நிறத்தை அளப்பது

வெள்ளை லூர் ஒன்றை ரொட் நுனியில் தொங்கவிட்டு மெல்ல நீருக்குள் இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கவனியுங்கள். 30 சென்ரிமீற்றருக்குள் மறைந்தால் நீர் கலங்கல்: கறுப்பு அல்லது பொன்னிற லூர், உள்ளே குண்டு உருளும் சத்தமுள்ளது, மெதுவான இழுப்பு. ஒரு மீற்றருக்கு மேலும் தெரிந்தால் நீர் தெளிவு: சிறிய, திரளி மீன் நிறத்து லூர், மெல்லிய லீடர், விடியலும் அந்தியும் மட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட தேயிலைச் சாய நிறமே கொடுவாவுக்கு ஏற்றது. ஒரே நாளில் ஒரே ஏரியில் இந்த மூன்று நிறத்தையும் காணலாம் என்பதால் இடம் மாறும்போதெல்லாம் அளந்து பாருங்கள்.

மாதங்கள்

ஜனவரி, பெப்ரவரி கொழும்பின் மழை குறைந்த மாதங்கள். உப்பு நீர் உள்ளே ஏறும், திரளிக் குஞ்சும் இறாலும் அதோடு ஏறும், கொடுவாவும் பின்தொடரும். மீன் ஏரி முழுக்கச் சிதறியிருக்கும். நீர் தெளிவு என்பதால் பகலில் நிழலை விட்டு வராது. இரவில் படகுத்துறை விளக்குகளைத் தேடுங்கள். மீன் வெளிச்சத்துக்குள் நிற்காது; வெளிச்சம் முடிந்து இருள் தொடங்கும் கோட்டில், இருட்டுப் பக்கத்தில் நிற்கும். லூரை வெளிச்சத்துக்கு அப்பால் எறிந்து அந்தக் கோட்டைக் குறுக்கே கடக்கும்படி இழுங்கள்.

மார்ச், ஏப்ரலில் காலை வெயில், பின்னேரம் இடிமழை. முதல் மழை நன்றாக விழுந்ததற்கு அடுத்த நாள் காலை போகத் தகுந்தது. ஆனால் ஏப்ரல் இலங்கையில் மின்னல் உச்சமாக இருக்கும் காலம், கார்பன் ரொட்டோ மின்னைக் கடத்தும். நண்பகல் தாண்டி முகில் கறுத்தால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் ரொட்டைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறி ஒரு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தின் கீழ் ஒதுங்கவே கூடாது.

மே மாதத்தில் சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) பிடித்ததும் ஏரி பழுப்பாகும். கனமழை நாட்களில் வீட்டில் இருப்பதே மேல். பலர் அந்த நாட்களில் போய்விட்டுப் பருவமே சரியில்லை என்று சாமான்களை மூட்டை கட்டுகிறார்கள். காத்திருக்க வேண்டியது மழை விட்டு நீர் வடியத் தொடங்கும் அந்த இரண்டு, மூன்று நாட்களுக்கு. செப்டம்பர் வரை இப்படி மழை அடுக்கும் வடியும் இடைவெளியும் மாறி மாறி வரும். ஆண்டின் சிறந்த கொடுவா நாட்கள் அந்த இடைவெளிகளில்தான் இருக்கின்றன.

வடியும் நீரில் செய்ய வேண்டியது இது. வயலிலிருந்தும் சதுப்பிலிருந்தும் ஏரிக்கு இறங்கும் ஒவ்வொரு வாய்க்கால் வாயிலும் கலங்கல் நீர் விசிறி போல விரியும். அதன் ஓரத்தில் தெளிந்த நீரோடு ஒரு கோடு விழும். சிறுமீனும் இறாலும் அடித்துக்கொண்டு வருவது கலங்கலில், கொடுவா நின்று பார்ப்பது அந்தக் கோட்டில். படகை 20 மீற்றர் தள்ளி, சத்தமில்லாமல் நிறுத்துங்கள். இயந்திரத்தை முன்பே அணைத்துவிட்டுத் துடுப்பால் வாருங்கள். லூரைக் கலங்கலுக்குள் இரண்டு, மூன்று மீற்றர் எறிந்து, நீரோட்டத்தோடு தானே வருகிற மாதிரிக் கோட்டைக் கடக்க விடுங்கள். கைப்பிடியை இரண்டு சுற்று, ரொட் நுனியால் ஒரு சிறு வெட்டு, பிறகு மூன்று முதல் ஐந்து நொடி அப்படியே நிறுத்தம். கடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் விழும். நிறுத்தப் பொறுமையில்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பவர்களின் லூரைக் கொடுவா பார்த்துக்கொண்டே நிற்கும். ஒரே மூலைக்குப் பதினைந்து தடவை எறியத் தயங்க வேண்டாம். பத்தாவது தடவை எரிச்சலில் அடிக்கிற மீன் இது.

வாய்க்கால் நீர் கறுப்பாகி அழுகல் மணம் வீசினால், அல்லது திலாப்பியா மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அந்த வாயை விட்டுவிடுங்கள். சதுப்பில் அழுகிய இலைதழை ஒட்சிசனைத் தின்றுவிட்ட நீர் அது. எவ்வளவு அழகான கோடு விழுந்திருந்தாலும் அங்கே கொடுவா நிற்காது. கீழே, பாலத்துப் பக்கம் போய்ப் பாருங்கள்.

சோளகக் காற்று ஆகாயத்தாமரைத் திட்டுகளை ஒரு கரையில் கொண்டுபோய் ஒதுக்கும். திட்டின் கீழும் மீன் உண்டு. ரப்பர் மீனை, முனை வெளியே தெரியாமல் புதைத்து மாட்டும் அகலத் தூண்டிலில் போட்டுத் திட்டின் விளிம்பால் இழுங்கள்.

ஒக்டோபர், நவம்பரிலும் இதே முறைதான். மழை இன்னும் கனமாக இருக்கலாம், உப்பு மிகவும் கீழே இறங்கிவிடும், மீனும் பாணந்துறைப் பக்கம் ஒதுங்கும். டிசம்பரில் ஏரி மெல்லத் தெளியத் தொடங்கும்.

உயிர் இறால்

லூர் எடுபடாத தெளிந்த நீரில் 8 முதல் 10 சென்ரிமீற்றர் உயிர் இறாலை மிஞ்ச ஒன்றுமில்லை. குழாய் நீரின் குளோரின் இறாலைக் கொன்றுவிடும். பிடிக்கப்போகும் இடத்து நீரையே வாளியில் எடுத்து, பற்றரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பைப் போட்டு, நிழலில் வையுங்கள். தலையின் மேல் நீட்டியிருக்கும் கொம்பின் அடியில், உள்ளே தெரியும் கரும்புள்ளிக்கு முன்னால் தூண்டிலை ஏற்ற வேண்டும். புள்ளியைத் துளைத்தால் இறால் அப்போதே செத்துவிடும். 3/0 அளவு வட்டத் தூண்டில் பொருத்தமானது. வட்டத் தூண்டிலில் கடி விழுந்ததும் வெட்டி இழுக்காதீர்கள், இழுத்தால் வெறும் தூண்டில்தான் வரும். நூல் ஓடி இறுகும் வரை விட்டு, சீராகச் சுற்றினால் அது தானே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும்.

மீன் மாட்டியதும் ரொட்டைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுத்து அதை வேர்களை விட்டுப் பிரித்தெடுங்கள். நூல் மேல்நோக்கி எழுந்தால் கொடுவா பாயப்போகிறது. அந்த நேரம் ரொட் நுனியை நீருக்குள் குத்துவது போலத் தாழ்த்துங்கள். உயர்த்திப் பிடித்தால், மீன் அந்தரத்தில் தலையை உதறும்போது லூர் பறந்து வரும், சில வேளை உங்கள் முகத்துக்கே. மூக்குக் கண்ணாடியும் தொப்பியும் இதற்காகவும்தான்.

நீருக்குள் இறங்காதீர்கள். பொல்கொடவில் உவர்நீர் முதலை உண்டு. முழங்கால் நீரில் நின்று எறிவதும், அந்தியில் கரையோரம் குந்தியிருந்து மீன் கழுவுவதும் ஆபத்து. படகில் உயிர்காப்பு அங்கியைக் கழற்ற வேண்டாம். பெல்லன்வில – அத்திடிய சரணாலய எல்லைக்குள் தூண்டில் போடக்கூடாது. போயா நாளில் விகாரைப் படித்துறைகளை விட்டு விலகிப் போங்கள். கரையில் வாழும் மக்களின் மனதை நோகடித்து ஒரு மீன் தேவையில்லை.

எதை எடுப்பது, எதை விடுவது

கொடுவா ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன். 80 சென்ரிமீற்றரைத் தாண்டிய பெரிய மீன் பெரும்பாலும் முட்டை சுமக்கும் பெண். கழிமுகத்து உப்பு நீரில் முட்டையிட்டு ஏரியை நிரப்புவது அதுதான். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொன்று வளர்ந்து வரப் பல ஆண்டுகள் ஆகும். தயவுசெய்து விட்டுவிடுங்கள். விடும்போது தாடையில் மட்டும் தூக்கித் தொங்கவிடாமல், ஒரு கையால் வயிற்றைத் தாங்குங்கள். செவுளுக்குள் விரல் போட வேண்டாம். மீனுக்கும் கேடு, உங்கள் விரலுக்கும் கேடு. நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் படகோரம் பிடித்திருங்கள், வாலை அடித்துத் தானாகப் போகும்.

சமையலுக்கு ஒன்று எடுப்பதானால் நடுத்தர அளவு மீனை, பாணந்துறைப் பக்கத்து உப்பு நீரிலிருந்து எடுங்கள். மேல் ஏரி மீனில் சேற்று வாடை இருக்கும். வேரஸ் கங்கை நீரில் நகரக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் கலப்பதால் அந்தப் பக்கத்து மீனைச் சாப்பிடாமல் விடுவதே நல்லது. பிடித்த உடனே செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிட்டு, இரண்டு பங்கு ஐஸ்கட்டிக்கு ஒரு பங்கு நீர் கலந்த பெட்டிக்குள் முழுதாக அமிழ்த்துங்கள். வெறும் ஐஸின் மேல் கிடத்தினால் மேல்பக்கம் சூடாகவே கிடந்து, கொழும்பு வெயிலில் வீடு போய்ச் சேருமுன் சதை இளகிவிடும்.