ரிசல்ட் நல்லா வந்தாலும் மாத்திரையை ஏன் நிறுத்தக்கூடாது

சுங்கை சிப்புட் கிளினிக்கில் 'கிருமி தெரியவில்லை' என்று ரிசல்ட் வந்ததும் எச்ஐவி மாத்திரையை விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் கிருமியின் 50 பிரதிகளுக்குக் கீழே இருந்தால் பொதுவாக அப்படிச் சொல்வார்கள். கிருமி ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

லாலாங் புல்லை மேலே வெட்டினால் தோட்டம் சுத்தமாகத் தெரியும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். எச்ஐவியும் நினைவு சிடி4 செல்லின் (நோயை நினைவில் வைத்து எதிர்க்கும் வெள்ளை அணு) டிஎன்ஏவுக்குள் தன்னைச் செருகிக்கொண்டு உறங்குகிறது. மாத்திரை பெருக்கத்தைத் தடுக்கும், உறங்குவதைத் தொடாது. போதாததற்கு அந்தச் செல்கள் தாமே பிரிந்து பெருகவும் செய்யும். அதனால் உறங்கும் கிருமியின் இந்தச் சேமிப்பு பாதியாகவே ஏறக்குறைய 44 மாதம் ஆகிறது. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் கிருமி திரும்பிவிடும்.

தினமும் ஒரே நேரம், பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) கிளம்பும் முன் என்று வைத்துக்கொள்ளலாம். மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும். இரண்டாகப் போடவே கூடாது. டொலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மாத்திரை எடுப்பவர்கள் அதற்குப் பிறகு 2 மணி நேரம் கழித்தே கேஸ்ட்ரிக் மருந்து குடிக்க வேண்டும். முதலில் அதைக் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுங்கள்; கேஸ்ட்ரிக் மருந்தில் இருக்கும் அலுமினியமும் மெக்னீசியமும் மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. மருந்தை வெயிலில் நிற்கும் மோட்டார் பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள்.