மதிலில் பூத்த வெள்ளை

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு முன் மதிலுக்கு, சீமெந்தில் வார்த்த செயற்கைக் கல் ஒட்டினோம். முதல் மாரி முடிந்து தை மாதம் பார்த்தால் கல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. "கடல் காற்று உப்புத்தான், வினாகிரி போட்டுத் தேயுங்கோ" என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. தேய்த்தேன், இரண்டு கல்லில் நிறம் போனதுதான் மிச்சம். கல்லே சீமெந்து, அமிலம் அதையே அரிக்கும் என்று அப்போது உறைக்கவில்லை.

உண்மையில், உள்ளே இறங்கிய மழைத்தண்ணீர் சீமெந்தில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது, தண்ணீர் காய அது காற்றோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. சரி, தண்ணீர் வரும் வழியைத் தேடினால் மதிலின் மேல் விளிம்பில் பூச்சு வெடித்திருந்தது. அதை அடைத்து, சித்திரை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, ஈரமில்லாத நைலோன் பிரஷால் தேய்த்து எடுத்தேன் (கம்பிப் பிரஷ் வேண்டாம், கல்லையும் சுரண்டும், துருக்கறையும் விடும்). அப்புறம் சிலேன்-சிலொக்சேன் வகைத் திரவம் பூசினேன், அது வெளித்தண்ணீரைத் தடுத்தாலும் உள் ஈரத்தை ஆவியாகப் போகவிடும். வார்னிஷ் பளபளக்கும்தான், ஆனால் ஈரம் அடைபட்டு உரிந்துவிடும்.

அடுத்த மாரியும் போய்விட்டது, வெள்ளை வரவில்லை. நிறம் போன இரண்டு கல்லுக்கும் முன்னால் இப்போது ஒரு குரோட்டன் சாடி நிற்கிறது.