பின் சீட்டு பக்கிள் எங்க இருக்குன்னு முதல்ல தேடுங்க: குழந்தைங்களுக்கு சீட் பெல்ட் போடுறதும் பார்த்துக்கறதும்

இப்பவே போய் உங்க கார் பின் சீட்டுல உக்காந்து பாருங்க. பெல்ட்ட இழுத்தா வரும், ஆனா அத மாட்டுற பக்கிள் கைக்கு கிடைக்குதா? எங்க கார்ல கிடைக்கல. சீட் கவர் தச்சு குடுத்தவங்க பார்க்க நீட்டா இருக்கட்டும்னு மூணு பக்கிளையும் இடுக்குக்குள்ள தள்ளி மேல கவர மூடிட்டாங்க, நாங்களும் பின்னாடி யாரு பெல்ட் போடப்போறாங்கன்னு ரெண்டு வருஷம் திரும்பிக்கூட பார்க்கல, அக்கா பொண்ணு ஒரு நாள் பெல்ட் தகட்ட கையில வச்சுக்கிட்டு "சித்தி, இத எங்க மாட்டுறது"ன்னு கேட்டப்போதான் உறைச்சுது. ஏழு வயசு குழந்தை. அன்னைக்கு சாயங்காலமே கவர்ல அளவா வெட்டி மூணையும் வெளிய எடுத்தோம். நீங்க சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போய் புதுசா கவர் போடுறதா இருந்தா, விலை பேசும்போதே பின்னாடி பக்கிள் எல்லாம் வெளிய தெரியணும்னு சொல்லிடுங்க. சீட்டுக்குள்ளயே சைட் ஏர்பேக் இருக்கற கார்னா அந்த பக்கத்த கவர் இறுக்கி மூடக்கூடாது, அதையும் கேளுங்க.

அடுத்து, மடி. "நான் கெட்டியா புடிச்சுக்கறேன்"னு பாட்டி சொல்லுவாங்க, பாசத்துல சொல்றது, ஆனா நடக்காது. 50 கி.மீ. வேகத்துல போற கார் எது மேலயாவது மோதி நின்னா, சுமார் 10 மீட்டர் உயரத்துல இருந்து, அதாவது மூணாவது மாடியில இருந்து கீழ விழுந்து மோதுற வேகம் அது. 10 கிலோ குழந்தை அந்த நொடியில இழுக்கற இழுப்பு 200, 300 கிலோ அளவுக்கு போகும். 25 கிலோ அரிசி சிப்பம் பத்த ஒரே நேரத்துல யாரால கையில புடிச்சு நிறுத்த முடியும்? ஒரே பெல்ட்ட பெரியவங்களுக்கும் குழந்தைக்கும் சேத்து மாட்டுறது இன்னும் மோசம், பெரியவங்க உடம்பு எடை மொத்தமும் குழந்தைய பெல்ட்டோட வச்சு நசுக்கிடும்.

பெல்ட் பத்தி நான் ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்ப சொல்லுவேன்: பெல்ட் எலும்பு மேல உக்காரணும், வயித்து மேல இல்ல. இடுப்புப் பட்டை தொடை ஆரம்பிக்கற இடத்துல, இடுப்பெலும்ப ஒட்டி தாழ இருக்கணும். தோள் பட்டை கழுத்த உரசாம, தோள் நுனிக்கும் போகாம, காறை எலும்பு நடுவுல போகணும். கழுத்துல உறுத்துதுன்னு குழந்தைங்க அத அக்குளுக்கு கீழ இழுத்து விட்டுக்கும், இல்லன்னா முதுகுக்கு பின்னாடி தள்ளிடும், அப்போ மோதலோட அடி விலா எலும்புலயும் வயித்துலயும்தான் விழும். உறுத்துதுன்னா அந்த பெல்ட்டுக்கு குழந்தை இன்னும் வளரலன்னு அர்த்தம், பூஸ்டர் வேணும், அதாவது பெல்ட் சரியான இடத்துல விழற மாதிரி குழந்தைய உயர்த்தி உக்கார வைக்கற சீட். மாசமா இருக்கறவங்களுக்கும் இதேதான், கீழ் பட்டை வயித்துக்கு அடியில, மேல் பட்டை மார்புக்கு நடுவுல, வயித்த சுத்தி ஓரமா போகணும்.

கைக்குழந்தைக்கு பின்னாடி பார்த்த மாதிரி வைக்கற சீட். ஐ-சைஸ்னு சொல்ற ஐரோப்பிய விதிப்படி 15 மாசம் வரைக்கும் கண்டிப்பா இப்படித்தான், சீட்டோட அளவு தாங்கற வரைக்கும் அப்படியே விட்டா இன்னும் நல்லது. அந்த வயசுல தலை கனம், கழுத்து எலும்பு முத்தியிருக்காது, பின்னாடி பார்த்து இருந்தா சீட்டோட முதுகு மொத்த தலையையும் தாங்கிக்கும். ஏர்பேக் ஆன்ல இருக்கற முன் சீட்டுல இந்த சீட்ட வைக்கவே வைக்காதீங்க, ஏர்பேக் 200 கி.மீ.க்கு மேல வேகத்துல விரியும், நேரா குழந்தை தலைக்கு பின்னாடி அடிக்கும். அப்புறம் முன்னாடி பார்த்து அஞ்சு பட்டை சீட், அதுக்கு மேல பூஸ்டர். பூஸ்டர எப்போ எடுக்கலாம்னா வயச பார்க்காதீங்க, உயரம் சுமார் 145 செ.மீ. வரணும், முதுகு சீட்டுல ஒட்டி உக்காந்து முட்டி சீட்டு விளிம்புல மடங்கணும், பெல்ட் நான் மேல சொன்ன இடத்துல தானா விழணும். மோட்டார் வாகன சட்டத்துலயும் இருக்கு, 2019 திருத்தத்துல வந்த 194பி பிரிவு, 14 வயசுக்கு கீழ உள்ள குழந்தைக்கு பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லன்னா 1000 ரூபா அபராதம்.

சைல்டு சீட்ட காருக்குள்ள மாட்டின பிறகு, பெல்ட் போற இடத்துல புடிச்சு ஆட்டிப் பாருங்க, ஒரு இன்ச்சுக்கு மேல அசஞ்சா திரும்ப மாட்டணும். ஐசோஃபிக்ஸ் கொக்கி, அதாவது பெல்ட் இல்லாம சைல்டு சீட்ட நேரா மாட்டுற கொக்கி இருக்கற கார்ல க்ளிக் சத்தம் ரெண்டு பக்கமும் கேக்கணும், சைல்டு சீட்டோட தலைப்பக்கத்துல இருந்து பின்னாடி மாட்டுற பட்டை இருந்தா அதையும் மறக்காம மாட்டுங்க. குழந்தைய கட்டின பிறகு தோள்கிட்ட பட்டைய ரெண்டு விரலால கிள்ளுங்க, மடிப்பு கையில சிக்குச்சுன்னா லூஸ். கல்யாணத்துக்கு போறப்போ கவனமா இருங்க. பட்டுப்பாவாடை வழுக்கும், கொசுவம் எல்லாம் பட்டைக்கு அடியில திரளும், அதுக்கு மேல ஒட்டியாணம் வேற, அது கரெக்டா இடுப்புப் பட்டை உக்கார வேண்டிய இடத்துலயே நிக்கும், மோதினா அந்த உலோகம் வயித்துல குத்தும். ஒட்டியாணத்த மண்டபம் போய் போட்டுக்கலாம். ஊட்டி போறப்போ ஸ்வெட்டரும் பெல்ட்ட உடம்போட ஒட்ட விடாது, கழட்டிட்டு பெல்ட் போட்டு மேல போர்வைய போத்துங்க.

இனி பராமரிப்பு. மாசம் ஒரு தடவை பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து வெளிச்சத்துல பாருங்க. ஓரம் நூல் பிரிஞ்சிருக்கா, வெட்டு இருக்கா, சிகரெட் சுட்ட ஓட்டை இருக்கா. இருந்தா தைக்கக்கூடாது, மாத்தணும். வெடுக்குன்னு இழுத்தா லாக் ஆகணும், விட்டா தானா உள்ள போகணும். மெதுவா போகுதுன்னா பெரும்பாலும் தோள்கிட்ட இருக்கற வளையத்துல அழுக்கு, நம்ம ஊரு வியர்வையும் தூசியும் சேந்து கறுப்பா பசை மாதிரி படியும், சோப்புத் தண்ணியில நனச்ச துணிய அதுக்குள்ள விட்டு துடைங்க. பெல்ட்டயும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில துடைச்சு முழுசா காய விட்டுத்தான் உள்ள விடணும், இல்லன்னா பூஞ்சை வரும். ப்ளீச் போட்டா இழை பலம் போயிடும். பக்கிள்ல எண்ணெய் மட்டும் விடாதீங்க, தேங்காயெண்ணெய், ஸ்ப்ரே எதுவா இருந்தாலும் தூசிய இழுத்து இறுகிடும். எங்க பக்கிள் ஒரு நாள் க்ளிக் ஆகல, டார்ச் அடிச்சு பார்த்தா உள்ள மெரினா மணலும் பாதி சுண்டலும்! குப்புற புடிச்சு தட்டி, வேக்குவம் வச்சு உறிஞ்சி எடுத்தோம். வெயில்ல நின்ன கார்ல பக்கிள் தகடு கொதிக்கும், குழந்தை தொடையில படறதுக்கு முன்னாடி கையால தொட்டுப் பாருங்க, நிறுத்தும்போதே மேல ஒரு துண்ட போட்டுட்டு வந்தா போதும்.

2015-லயோ 2023 மிக்ஜாம் மழையிலயோ தண்ணி சீட்டு வரைக்கும் ஏறின கார்னா, பெல்ட்ட துவைச்சா மட்டும் போதாது. பெல்ட் சுருளும் பக்கிளும் கீழதான் இருக்கு, சேறு உள்ள போயிருக்கும், மோதுற நொடியில பெல்ட்ட இறுக்கற ப்ரீடென்ஷனரோட ஒயரிங் கெட்டிருக்கலாம், சர்வீஸ் சென்டர்ல சொல்லி தனியா பார்க்க சொல்லுங்க. செகண்ட்ஸ் கார் வாங்கும்போது பெல்ட்ட முழுசா இழுத்து அடிப்பகுதிய பாருங்க, சேத்துக் கறை அங்கதான் தெரியும். விபத்துல ப்ரீடென்ஷனர் வெடிச்சிருந்தா அது ஒரு தடவைக்குத்தான், மாத்தியே ஆகணும். சைல்டு சீட்டும் அப்படித்தான், விபத்துல சிக்கினத யாருக்கும் குடுக்காதீங்க, வாங்காதீங்க. சீட்டுக்கு அடியில காலாவதி தேதி போட்டிருந்தா அதையும் பாருங்க.

பெல்ட் போடலன்னா வர்ற பீப் சத்தத்த நிறுத்த, பக்கிள்ல சொருகற ஒரு கிளிப் விக்கறாங்களே, அத தூக்கிப் போடுங்க. 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அஞ்சு ஆன்லைன் கடைகள அத விக்கக்கூடாதுன்னு நிறுத்த வச்சுது.

கால் டாக்ஸி புக் பண்ணா டிரைவருக்கு போன் பண்ணி, "அண்ணா, குழந்தை வருது, பின் சீட்டு பக்கிள் வெளிய இருக்கா, கொஞ்சம் பார்த்து எடுத்து வைங்க"ன்னு கேட்டுடுங்க. நான் கேட்டா பெரும்பாலும் எடுத்து வச்சிருப்பாங்க. எங்க பூஸ்டர் ஒரு துணிப்பையில அடங்கிடும், ஏர்போர்ட் போனாலும் அது கூடவே வரும்.