ஸ்கூல் போர்டு தேர்தலில் வாக்குப் போடும் முன்

அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில், ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டுக்கான தேர்தல் ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை வரும். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. குடியுரிமை வாங்கி முதல் தடவை செயின்ட் லூயிஸ் புறநகரில் வாக்களித்தபோது, எங்கள் தெருவில் பிரச்சாரப் பலகை வைத்திருந்த வேட்பாளர் பெயரைப் பார்த்துப் போட்டுவிட்டு வந்தேன். இன்றும் அது உறுத்துகிறது.

இப்போதெல்லாம் முதல் வேலை, மத்திய கல்வித் துறை இனவாரியாகத் திரட்டும் பள்ளிப் புள்ளிவிவரமான சிவில் ரைட்ஸ் டேட்டா கலெக்‌ஷனில் எங்கள் டிஸ்ட்ரிக்ட்டை, அதாவது எங்கள் போர்டின் கீழ் வரும் பள்ளிப் பகுதியை, தேடுவது. கறுப்பினப் பிள்ளைகள் மொத்தத்தில் எத்தனை சதவீதம், சஸ்பெண்ட் ஆனவர்களில் எத்தனை, ஏபி எனும் கல்லூரி அளவுப் பாட வகுப்புகளில் எத்தனை என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். 2017-18இல் நாடு முழுக்க அவர்கள் மாணவர்களில் சுமார் 15 சதவீதம். பள்ளிக்கு வராதே என்று சஸ்பெண்ட் செய்யப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். "நம்ம பிள்ளை ஏபியில்தானே இருக்கான், நமக்கென்ன?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். அந்த வகுப்பில் யார் இல்லை என்றும் பாருங்கள்.

அப்புறம், தேர்தல் முறை. பக்கத்திலுள்ள ஃபெர்குசன்-ஃப்ளோரிசன்ட்டில் மாணவர்களில் முக்கால்வாசிக்கு மேல் கறுப்பினத்தவர். 2014இல் மூன்று கறுப்பின வேட்பாளர்கள் நின்றும் ஒருவர்தான் ஜெயித்தார். டிஸ்ட்ரிக்ட் முழுவதும் சேர்ந்து எல்லா இடங்களுக்கும் வாக்களிக்கும் அந்த முறை வாக்குரிமைச் சட்டத்தை மீறுவதாக 2016இல் நீதிமன்றம் சொன்னது. எத்தனை இடத்துக்குத் தேர்தலோ, ஒருவருக்கு அத்தனை வாக்கு; 2019 முதல் அங்கே அவை எல்லாவற்றையும் ஒரே வேட்பாளருக்குப் போடலாம். உங்கள் ஊர் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேட்பாளர் கூட்டத்துக்குப் போனால் பொதுவாகக் கேட்காதீர்கள். நூலகத்தில் நடந்த கூட்டத்தில் ஒருவரிடம் சஸ்பென்ஷன் பற்றிக் கேட்டேன். "எனக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான்" என்றார். நோட்டைக் காட்டி, "சரி, முதல் தப்புக்கே சஸ்பெண்ட் செய்யும் விதியை மாற்ற வாக்களிப்பீர்களா?" என்றேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அடுத்து உட்கார்ந்திருந்த பெண், நோட்டை வாங்கி எண்களைத் தன் அட்டையில் எழுதிக்கொண்டு, "மாற்றுவேன்" என்றார். அவருக்குத்தான் போட்டேன்.

போட்டதோடு விடக் கூடாது. போர்டு கூட்டக் குறிப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்று இருக்கும். அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். மூன்று வருடம் கழித்து அதே ஆள் உங்கள் வாசலுக்கு வரும்போது எடுத்துக் காட்டலாம்.

கிரீன் கார்டில் இருப்பவர்கள் வாக்காளராகப் பதியவே கூடாது, பெரிய சிக்கலாகிவிடும். ஆனால் கூட்டத்தில் பேசலாம். எங்கள் போர்டில் ஆளுக்கு மூன்று நிமிடம். என் கணவருக்கு இன்னும் கிரீன் கார்டுதான். போன மாதம் அந்த எண்களை எழுந்து நின்று வாசித்தது அவர்தான்.