ஜொகூர் பாருவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு, அதுவும் நாலு கார் கூட்டத்தோடு

வருஷ நடுவில் பள்ளி விடுமுறை விட்டதும் எங்கள் குடும்பம் மொத்தமும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அத்தை வீட்டில் கூடிவிடும். தோட்டத்து மாரியம்மன் திருவிழா, மறுநாள் முனியாண்டிக்குப் படையல், கிடா வெட்டிச் சமையல். ஜொகூர் பாருவிலிருந்து நாலு கார், கிள்ளானிலிருந்து ரெண்டு, சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு வேன், எண்ணிப் பார்த்தால் நாற்பது தலை. பல வருஷமாகப் போய்வந்து பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சாலை பெரிய விஷயமே இல்லை. எத்தனை மணிக்குப் போய் இறங்குகிறோம், இறங்கும்போது அத்தை தலையில் எவ்வளவு வேலையைக் கட்டுகிறோம், அதுதான் கணக்கு.

முதலில் நேரம். ஏறக்குறைய 550 கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் என்றால் ஆறு மணி நேரம், பிள்ளைகளோடு எட்டு. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பிவிடுங்கள், தூங்குகிற பிள்ளைகளை அப்படியே தூக்கிக் காரில் போட்டால் பாகோ வரைக்கும் சத்தமிருக்காது, அங்கே பசியாறிக்கொள்ளலாம். ஒரு வருஷம் "வெயில் தாழப் போகலாம்" என்று மாமா சொன்னதைக் கேட்டு பிற்பகல் ரெண்டு மணிக்குக் கிளம்பினோம். கோலாலம்பூரைத் தொட்டபோது வேலை விட்டு வரும் கூட்டம், தாப்பாவில் கண்ணே தெரியாத மழை, தோட்டத்துக்குள் நுழைந்தபோது இரவு பதினொன்றரை. செம்பனைக்கு நடுவே விளக்கில்லாத செம்மண் பாதை, அதன் நட்டநடுவில் மாடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கின்றன. அத்தை அடுப்பை அணைக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து கிளம்புகிற நேரத்தைப் பற்றி மாமா வாய் திறப்பதில்லை.

நாலு காரும் ஒட்டிக்கொண்டே போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். முன்னால் போகிறவர் மெதுவாகப் போகமாட்டார், பின்னால் வருகிறவர் எட்டிப் பிடிக்கிறேன் என்று 110 எல்லையைத் தாண்டி மிதிப்பார். சந்திக்கிற இடத்தை மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: பாகோ, அப்புறம் தாப்பா ஓய்விடம், அவ்வளவுதான். இடையில் யார் எங்கே ஒன்றுக்குப் போனால் நமக்கென்ன. கோலாலம்பூருக்குள் மாட்டிக்கொள்ள விரும்பாதவர்கள் நீலாய்ப் பக்கம் எலிட் நெடுஞ்சாலையில் பிரிந்து ஷா ஆலம் வழியாகச் சுற்றி, சுங்கை பூலோவுக்குப் போகிற சாலையைப் பிடிக்கலாம். கார் நின்றுவிட்டால் பிளஸ் நெடுஞ்சாலை உதவி எண் 1800-88-0000, இப்போதே போனில் பதிந்து வையுங்கள். டோல் கட்டுகிற டச் அண்ட் கோ கார்டில் போகவர நான் 150 வெள்ளி (ரிங்கிட்) போட்டு வைப்பேன். காசில்லாத கார்டோடு டோல்சாவடியில் நின்று பின்னால் ஹாரன் வாங்கிய அனுபவம் ஒன்று போதும்.

ஆட்களைப் பிரிப்பதில்தான் சண்டை வரும். அந்தக் காலத்தில் அப்பாவின் டட்சனில் ஒன்பது பேர் போனோம், மடியில் ஒன்று, காலடியில் ஒன்று. இப்போது அது நடக்காது: பின் இருக்கையிலும் பெல்ட் கட்டுவது 2009-லிருந்து சட்டம், குழந்தை இருக்கை 2020-லிருந்து. ஆகவே "இன்னும் ஒரு ஆள்தானே" என்று கடைசி நிமிஷத்தில் சொல்கிற சித்தப்பாவுக்கு ஒரு வாரம் முன்பே இடக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். வாந்தி எடுக்கிற பிள்ளையும் கால்வலிக்காரப் பெரியம்மாவும் ஒரே காரில் வேண்டாம், ரெண்டு பேருக்கும் அடிக்கடி நிறுத்த வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல.

தெற்கிலிருந்து வருகிறவர்கள் ஈப்போ வடக்கில் இறங்கி, செமோர், கந்தான் வழியாகப் பழைய சாலையில் சுங்கை சிப்புட்டுக்குப் போக வேண்டும். வடக்கிலிருந்து வருகிறவர்கள் மெனோரா சுரங்கப்பாதை வரை வரவே கூடாது, கோலகங்சாரிலேயே இறங்கிவிட வேண்டும். டவுனை விட்டு வெளியே போனதும் கூகுள் வரைபடத்தை நம்பாதீர்கள். தோட்டத்துப் பாதைகளெல்லாம் அதற்குச் சாலைதான், முன்னால் பூட்டிய கேட் இருப்பது அதற்குத் தெரியாது. எங்களை ஒருமுறை குலை ஏற்றுகிற லோரிக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தி, அரை மைல் பின்னோக்கியே ஓட்ட வைத்தது. உள்ளே போனில் லைனும் சரியாக வராது, ஆகவே டவுனிலிருந்தே மச்சானுக்கு அழைத்து வழி கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய், ஐஸ் கட்டி, கொசுவர்த்தி எல்லாம் டவுனிலேயே.

சரி, வீட்டுக்கு வந்தாச்சு. அத்தை வீட்டில் குளியலறை ரெண்டு. நாற்பது பேரும் காலை ஏழு மணிக்குக் குழாயைத் திறந்தால் நூல் போலத்தான் தண்ணீர் வரும். இரவே டிரம்மில் பிடித்து வையுங்கள், ஆண்கள் வெளியே டிரம் பக்கம் குளிக்கட்டும். ஒவ்வொரு குடும்பமும் சொந்தத் தோத்தோவும் (சுருட்டி வைக்கிற மெத்தை) போர்வையும் கொண்டுவருவது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். முட்டிவலி உள்ளவர்களுக்கு டவுனில் அறை எடுத்துக் கொடுங்கள், அவர்கள் "எதுக்குய்யா வீண் செலவு" என்பார்கள், கேட்காதீர்கள்.

பணம் தனிக் கதை. அத்தை கையில் கொடுத்தால் வாங்கமாட்டார், முகம் சுண்டிவிடும். நாங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே திரட்டி, ஆட்டுக்காரருக்கும் மளிகைக் கடைக்கும் கேஸ் தோங்குக்கும் (சிலிண்டர்) நேரடியாகக் கட்டிவிடுகிறோம். சமைத்த சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், எட்டு மணி நேர வெயிலில் சாம்பார் புளித்துவிடும். சாப்பிட்டதும் பாத்திரம் கழுவ ஆண்களுக்கும் முறை போடுங்கள். முதல் வருஷம் கிண்டல் பேசினார்கள், இப்போது என் தம்பி சட்டி தேய்ப்பதில் அத்தையிடமே நல்ல பெயர் வாங்கிவிட்டான்.

பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மூலையில் உட்காருவதற்கு முன்னால் தாத்தாவோடு பழைய தொழிலாளர் லயத்துப் பக்கம் அனுப்புங்கள். ரப்பர் பால் வெட்டிய காலம், விடியலில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக்களம், 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்தில் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தது, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்ததும் இதே ஊர்தான் என்பது, இவையெல்லாம் அவர் சொன்னால் கேட்பார்கள், நாம் சொன்னால் கொட்டாவி விடுவார்கள்.

திரும்பும்போது ஞாயிறு மாலையைத் தவிருங்கள், ஒரு நாள் லீவு கூடுதலாகப் போட்டுத் திங்கள் விடியலில் கிளம்பினால் நிம்மதி. இன்னொன்று, டிக்கியில் பாதியைக் காலியாக வைத்திருங்கள். முருங்கைக்கீரை, வாழைத்தார், பம்பளிமாசு என்று அத்தை ஏற்றிக்கொண்டே இருப்பார். டுரியானை மட்டும் எப்படியாவது கெஞ்சிக் கூத்தாடி அங்கேயே தின்றுவிட்டு வாருங்கள். ஒருமுறை சரி என்று ஏற்றிக்கொண்டோம், மூன்று மாதம் கழித்தும் ஏர்கோன் போட்டால் அத்தை ஞாபகம்தான்.