பழைய ஸ்காட்ஸ் ஏடுகளில் நற்கருணைக்குரிய சொல்லைக் கண்டறியும் முறை

ஸ்காட்லாந்தில் வழங்கிய, ஆங்கிலத்துக்கு நெருங்கிய இனமொழியான பழைய ஸ்காட்ஸில், நற்கருணைக்கு (அப்பமும் திராட்சரசமும் பெறும் கிறிஸ்தவச் சடங்குக்கு) என்ன சொல் என்று தேடத் தொடங்குகிறவர், முதலில் தம் கையில் உள்ள ஏட்டின் ஆண்டைப் பார்க்க வேண்டும். 1560-ல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் போப்பாண்டவரின் அதிகாரத்தையும் கத்தோலிக்கப் பூசையையும் விலக்கியபோது, வழிபாட்டோடு அதைக் குறிக்கும் பேச்சும் மாறியது. அதற்கு முந்தைய ஏடுகளில் ‘பலிபீடத்தின் சாக்ரமென்ட்’ (சாக்ரமென்ட் என்றால் திருச்சடங்கு) என்ற வழக்கையும், பிந்தையவற்றில் ‘கம்யூனியன்’, ‘லார்டிஸ் சப்பர்’ (ஆண்டவரின் இராப்போஜனம்) என்பவற்றையும் முதலில் தேடுங்கள். ‘சாக்ரமென்ட்’ மட்டும் இரு காலத்துக்கும் பொது. ஆகவே அந்த ஒரு சொல்லை வைத்து எழுதியவரின் சபையை முடிவு செய்துவிடக் கூடாது. கத்தோலிக்கர் ‘நற்கருணை’ என்பதைப் பழைய சீர்திருத்தத் திருச்சபை வேதாகமம் ‘இராப்போஜனம்’ என்று சொல்வதை அறிந்த நமக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

அடுத்து, அகராதியியலாளர் வில்லியம் கிரெய்கி தொடங்கி 1931 முதல் 2002 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த பழைய ஸ்காட்ஸ் அகராதியைப் பாருங்கள். 1700 வரையிலான சொற்களைக் கொண்ட இது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்: இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்படியே இட்டுத் தேடினால் பல மேற்கோள்கள் தப்பிவிடும். ஆங்கிலத்தில் ‘ஐ, ஓ, என்’ என முடியும் சொற்கள் பழைய ஸ்காட்ஸில் பெரும்பாலும் ‘ஐ, ஓ, யூ, என்’ என முடியும். ஆறாம் வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் ‘இஸ்’ என்று வரும். யூ, வி, டபிள்யூ ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் மாறும். ‘ஹவுசல்’ என்ற பழஞ்சொல்லையும் இதே வகையில் பல எழுத்துக்கூட்டல்களில் தேடுங்கள். அது நற்கருணையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது; அதன் இனச்சொல், பண்டைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் பலியைக் குறிக்கிறது.

சபை மூப்பர் மன்றப் பதிவேடுகளில் நற்கருணையின் பெயரைச் சொல்லாமலே அது பேசப்படுவதும் உண்டு. அங்கே ‘மேசை’, ‘டோக்கன்’ ஆகிய சொற்களைத் தேடுங்கள். பந்திக்குத் தகுதியானவர் என்று மூப்பர்கள் ஏற்றவருக்குக் கொடுத்த சிறு உலோகவில்லையே டோக்கன். ஆண்டின் எந்த நாள் என்பதும் தேடலுக்குத் துணை நிற்கும். 1215-ல் கூடிய திருச்சபைச் சங்கத்தின் கட்டளைக்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை ஈஸ்டரில் நற்கருணை வாங்குவது கடமையாக இருந்ததால், பழைய ஏடுகளில் ஈஸ்டரைக் குறிக்கும் ‘பாஸ்க்’ என்ற சொல்லின் அருகே பாருங்கள். சீர்திருத்தச் சபையின் 1560-ன் ஒழுங்குமுறை நூலோ மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறுகளைப் பரிந்துரைத்தது.

கண்டெடுத்த வரியை எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல், ஏட்டின் ஆண்டோடும் ஊரோடும் குறித்து வையுங்கள்.